மறைந்தோர் பெயரால் மன்றம் எழுப்புவோம்!

நம் பள்ளிவாசல்களில் ஜமாஅத்துத் தொழுகைக்காகக் காத்திருப்போர் ஒரு முறையேனும் அண்ணாந்து பார்த்திருப்பர். மின்விசிறியின் இறக்கைகளில் சிவப்பு மையால் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். மர்ஹூம் இன்னார், மர்ஹூமா இன்னார், அன்பளிப்பு இன்னார் மக்கள். சுவர்க் கடிகாரத்திலும் அவ்வாறே. ஒளுச் செய்யும் தடாகத்தின் படியிலும் அவ்வாறே. விசிறி சுழலும்போது பெயரைப் படிக்க இயலாது. அது நின்றிருக்கும்போது அதன் அடியில் எவரும் அமர்வதில்லை. பெற்றெடுத்துப் பேணி வளர்த்த அன்னைக்கும் தந்தைக்கும் நம்மவர் வைக்கும் நினைவுச் சின்னம் பல வேளைகளில் இந்த மட்டில் நின்று விடுகிறது.

விசிறி வாங்கித் தந்தவரை நாம் எள்ளவில்லை. அந்தக் காற்றில் அமர்ந்து தொழுதவரின் நன்மையில் மறைந்தவருக்கும் பங்குண்டு என்றே நம்புகிறோம். நாம் கேட்பது வேறு. அந்த உம்மா வாழ்ந்த நாளில் என்ன செய்தார்? முனாஜாத்துகளை மனப்பாடமாகப் பாடினாரே, கோரைப்பாய் முடைந்தாரே, தொட்டிலருகே அமர்ந்து தாமே கட்டிய தாலாட்டை இசைத்தாரே, அவையெல்லாம் எங்கே போயின? அந்த வாப்பா சிலம்பம் சுழற்றினாரே, சீறாப்புராணத்தை ராகத்தோடு ஓதிப் பொருள் சொன்னாரே, அதை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் யார்? மையித்தோடு கலையையும் சேர்த்து அடக்கிவிட்டு, மேலே பளிங்குக் கல் பதிப்பதற்கு நினைவு என்று பெயர் சூட்டுவது பொருந்துமா?

பொருந்தாது என்பதே நம் துணிபு. வசதி படைத்த முஸ்லிம் குடும்பங்கள் தம் மறைந்த உறவுகளின் பெயரால் கலை மன்றங்களை நிறுவ வேண்டும். அதுவும் பெருநகரில் மட்டும் போதாது; பழனி மலைத் தொடரில் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி போன்ற ஊர்களில் அவை எழ வேண்டும். இதைக் கேட்டதும் எழக்கூடிய மறுப்புகள் அனைத்தையும் நாம் அறிவோம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

அன்னைக்காக ஒரு தோட்டம்

மறைந்தவருக்காக ஒன்றை நிறுவுதல் நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. சஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் ஊரில் இல்லாதபோது அவர்களின் அன்னையார் காலமானார். திரும்பி வந்த மகன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாயாரின் சார்பில் தாம் தருமம் செய்தால் அது அவருக்குப் பயன்படுமா என்று கேட்டார். பயன்படும் என்று பெருமானார் விடை பகர்ந்ததும், தமக்குச் சொந்தமான ஒரு தோட்டத்தையே தாயாரின் பெயரால் தருமமாக்கிவிட்டார். தாயாருக்காக அவர் கிணறு வெட்டினார் என்றும் நபிமொழி நூல்கள் கூறுகின்றன. தோட்டமும் கிணறும் எத்தகையவை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் விருந்தோடு அவை முடிவதில்லை. ஆண்டுதோறும் காய்க்கும், நாள்தோறும் ஊறும்.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அதன் விளைவைத் தருமம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டினார்கள். விற்கலாகாது, அன்பளிப்பாக்கலாகாது, வாரிசுரிமையாகவும் போகலாகாது. வக்பு என்னும் பெரும் ஏற்பாட்டின் வேர் இதுவே. மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் அறுந்து போகின்றன. நீடித்து நிற்கும் தருமமும், பயன்தரும் கல்வியும், அவனுக்காக இறைஞ்சும் நல்ல பிள்ளையும் மட்டுமே எஞ்சும் என்பது நம் சிறுவர்களும் அறிந்த நபிமொழி. ஒரு கலை மன்றத்தை ஒழுங்காக நிறுவிப் பாருங்கள். கட்டடமும் நிதியும் நீடித்த தருமம். அங்குக் கற்பிக்கப்படுவது பயன்தரும் கல்வி. அதைப் பேணும் மகனும் மகளும் இறைஞ்சும் பிள்ளைகள். மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கின்றன.

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் கி.பி. 859-இல் எழுந்த கரவிய்யீன் பள்ளிவாசல், பிற்காலத்தில் உலகம் போற்றும் கல்விக் கூடமாக வளர்ந்தது. தந்தையிடமிருந்து தமக்குக் கிடைத்த சொத்தைக் கொண்டு அதனை எழுப்பியவர் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெண்மணி என்பது அந்நாட்டு மரபு. தந்தையின் பொருளை நகையாக்கிப் பெட்டியில் பூட்டியிருந்தால் அவர் பெயரை இன்று எவர் சொல்வார்?

கலை ஆகுமா என்பார்க்கு

“தருமம் சரி, கலை எதற்கு? பாட்டும் கூத்தும் நமக்கு ஆகுமா?” என்று ஒரு சாரார் கேட்பர். இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை நாம் மறைக்கவும் இல்லை; ஒரு கட்டுரையில் தீர்த்து வைக்கும் துணிவும் நமக்கு இல்லை. ஆயினும் அந்த வேற்றுமையைக் காட்டிக் கலை முழுவதற்கும் கதவடைப்பது எந்த நீதி? பெருநாள் அன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதும், நபிகள் நாயகம் (ஸல்) அதனை அனுமதித்து ஆயிஷா (ரலி) அவர்களைக் காணச் செய்ததும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளவை. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) கவிதை சொல்வதற்காகப் பள்ளிவாசலில் மேடை இடப்பட்டது. மணவிழாவில் சிறுமியர் தஃப் கொட்டிப் பாடியதை அண்ணலார் தடுக்கவில்லை.

நம் தமிழகத்தை எடுத்துக்கொள்வோம். 1572-இல் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் ஆயிர மசலா தொடங்கி, சீறாப்புராணம், குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள், கிஸ்ஸாக்கள், நாமாக்கள் என்று நமக்கு வாய்த்த செல்வம் பெரும்பாலும் ஓதியும் பாடியும் கேட்பதற்காக ஆக்கப்பட்டது. அச்சிட்ட ஏட்டில் வாய்மூடிக் கிடக்கும்போது அது பாதி உயிரோடுதான் கிடக்கிறது. அதை எந்த ராகத்தில் ஓதுவது என்று அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். 1973-இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும் அதனைத் தொடர்ந்த மாநாடுகளும் நூல்களைத் தேடிப் பதிப்பிக்க வழி வகுத்தன. அச்சு நூலைக் காக்கும்; குரலைக் காப்பதற்கு ஆசானும் மாணவரும் அமர ஓர் இடம் வேண்டும்.

உருவம் வரைதலில் தயக்கம் உடையோர்க்கும் தாராளமாக இடம் உண்டு. எழுத்தணிக் கலை நம்முடையது. கொடியும் மலரும் கோலமும் நம் பள்ளிவாசல் தூண்களில் பூத்தவை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் முடையும் பாயை நினைத்துப் பாருங்கள். கோரையை ஆற்று நீரில் ஊற வைத்து, இழையிழையாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் ஊடு கொடுத்து முடைந்த பாய் பட்டுத்துணி போல் மடியும். 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அனுப்பப்பட்டது அத்தகைய பாய்தான். அதில் எந்த உருவம் இருந்தது? எந்த விதி மீறப்பட்டது? அக்கைத்திறன் உடையவரைக் கலைஞர் என்று அழைக்க நமக்கு நா எழாமல் இருப்பது ஏன்?

நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் சில வகுப்புகளே பயின்றவர். 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை அவர் வெளியிட்டபோது உ.வே.சாமிநாதையர் மதிப்புரை வழங்கினார். தமிழில் எழுதிய முஸ்லிம் பெண்களின் வரிசையில் அவர் முன்னோடி. நம் இல்லங்களில் வளரும் பெண்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சொல்லித் தருவதற்கு ஓர் இடம் இருந்தால் தெரிந்திருக்கும்.

செத்தும் கொடுத்தவர்கள்

“செத்தும் கொடுத்தான் சீதக்காதி” என்பது தமிழகம் முழுவதும் வழங்கும் பழமொழி. கீழக்கரை வள்ளல் மறைந்த பின் அவரை நாடி வந்த புலவர் கபுறின் அருகே நின்று கலங்கியழ, உள்ளிருந்து மோதிரம் அணிந்த விரல் வெளிப்பட்டதாகக் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனினும் கடல் வாணிகத்தில் ஈட்டிய பெரும்பொருளெல்லாம் கரைந்த பின்னும் அவ்வள்ளலின் பெயர் வாழ்வது எதனால்? புலவரைப் புரந்ததனால். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றதனால். சீதக்காதி வழி வந்தவர்கள் நாம் என்று மேடைதோறும் முழங்குவோரிடம் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் எந்தப் புலவருக்கு, எந்தக் கலைஞருக்கு நீங்கள் படியளந்தீர்கள்?

அண்மைக் காலத்துக்கு வருவோம். நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1924-இல் ஆந்திர நாட்டுக் கரவதியில் பிறந்தவர். பல தலைமுறைகளாக நாதசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தவர். தஞ்சைப் பாணியில் உள்ளம் பறிகொடுத்துத் தமிழகம் வந்து, நாச்சியார்கோவில் சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்திலேயே குடியேறினார். 1982-இல் அங்கே நாதசுரப் பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999-இல் மறைந்தார். பேரர்களான காசிமும் பாபுவும் என்ன செய்தனர்? பாட்டனாரின் பெயரால் அறக்கட்டளை நிறுவி, அவர் வாசித்த வாத்தியத்தைத் தாமும் வாசித்து, அவர் புகழை அவர் கலையாலேயே வளர்த்து வருகின்றனர். அவரிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானியும் காலீஷாபியும் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். காலீஷாபி ஒரு முஸ்லிம் பெண். நினைவுச் சின்னம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

தில்லியில் வாழ்ந்த ஸஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் நாள், ஸாஹிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். வயது 34. ஜனவரி 4-ஆம் நாள் அவர் மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குச் சென்று, இடையில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தனர். அவ்வாண்டே அவர் பெயரால் கலைஞர்களின் அறக்கட்டளை ஒன்று உருவாயிற்று. 2012-இல் தில்லியில் அவர் பெயர் தாங்கிய சிறு நாடகக் கூடமும் திறக்கப்பட்டது. அவருடைய அரசியல் பலருக்கு உடன்பாடாக இல்லாதிருக்கலாம். கணவரைப் பறிகொடுத்த மூன்றாம் நாள் அப்பெண்மணி மேற்கொண்ட செயலின் மாண்பை யாரால் மறுக்க முடியும்?

நடிகர் பிருத்விராஜ் கபூர் 1972-இல் மறைந்தார். அவர் நாடக அரங்கம் கட்ட விரும்பிய பம்பாய் ஜுஹு நிலத்தில், மகன் சசி கபூரும் மருமகள் ஜென்னிஃபரும் 1978-இல் பிருத்வி அரங்கத்தைத் திறந்தனர். ஏறத்தாழ 200 பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கம் அது. திரையுலகில் பெரும்பொருள் கண்ட குடும்பம் ஆயிரம் பேர் அமரும் மாளிகையைக் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நாடகம் நடப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கட்டினர். ஆதலால் இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது.

“தாஜ்மகாலைக் கட்டியது நம் சமுதாயந்தானே” என்பர் சிலர். 1631-இல் மறைந்த மும்தாஜுக்காக எழுந்த அந்த மாளிகையின் அழகை மட்டும் பார்ப்போர் ஒன்றை மறந்து விடுகின்றனர். அதன் பராமரிப்புக்காக 30 ஊர்களின் வருவாயும், அருகே அமைந்த கடைவீதிகள், சத்திரங்கள் ஆகியவற்றின் வருவாயும் ஒதுக்கப்பட்டிருந்தன. கட்டுவதோடு கடமை முடிந்தது என்று பேரரசனே எண்ணவில்லை. நம்மவர் பலர் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுவதோடு எண்ணி முடித்து விடுகின்றனர்.

ஏன் அட்டுவம்பட்டி?

மலையூரைச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் தமிழக அரசால் நிறுவப்பட்டது. அதன் வளாகம் இருப்பது அட்டுவம்பட்டியில். பெண்களுக்கென்றே அமைந்த அப்பல்கலைக்கழகத்துக்கு அன்று உயிரோடிருந்த ஓர் அன்னையின் பெயர் சூட்டப்பட்டது. கல்வி தேடி நம் வீட்டுப் பெண்கள் மலையேறக்கூடிய ஊர் அது. அத்தகைய ஊரில் நம் அன்னை ஒருவரின் பெயரால் ஒரு கலை மன்றம் இருந்தால், வகுப்பு முடிந்த மாலையில் அவர்கள் கவிதை படிக்கவும், எழுத்தணி பழகவும், தம் பாட்டிமார் பாடிய பாடல்களைத் தொகுக்கவும் ஓர் இடம் கிடைக்கும். வீட்டுக்கும் விடுதிக்கும் அப்பால் ஒரு பெண் மதிப்போடு போய் அமரக்கூடிய இடம் நம் ஊர்களில் எத்தனை உண்டு என்று பெற்றோர் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது காரணம், மலையில் வாழ்வோர். கொடைக்கானல் என்றதும் ஏரியும் பனிமூட்டமும் தேனிலவும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. படிக்கட்டு நிலங்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் உழவர்கள் நினைவுக்கு வருவதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விளைவித்த கைகளை யார் அறிவர்? தேனெடுக்கும் பளியர் மக்களின் பாடல்களை யார் கேட்டனர்? பார்க்க வருவோருக்காக மலையில் எழுந்த கட்டடங்களுக்குக் கணக்கில்லை. வசதி படைத்த நம் அன்பர்களும் அங்கே நிலம் வாங்கி, ஆண்டில் பத்து நாள் தங்கப் பங்களா கட்டுகின்றனர்; மற்ற நாட்களில் வாடகைக்கு விடுகின்றனர். வாயிற்கல்லில் தாயாரின் பெயரைப் பொறித்துவிட்டு, உள்ளே உல்லாசப் பயணிகளைக் குடிவைப்பது அத்தாயாருக்குச் செய்யும் சிறப்பா?

கொடைக்கானல் மலையே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 1872-இல் கோக்கர் என்னும் ஆங்கிலேயர் அமைத்த நடைபாதை இன்றும் கோக்கர்ஸ் வாக் என்றே அழைக்கப்படுகிறது. 1908-இல் அமைந்த பூங்கா பிரையண்ட் என்னும் வன அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் யார் என்று வருவோர்க்குத் தெரியாது. நடக்கப் பாதையும் அமர நிழலும் இருப்பதனால் அப்பெயர்கள் நாவில் வாழ்கின்றன. பயன்படும் பொருளோடு சேர்ந்த பெயர் நிலைக்கும்.

கலையால் மலை மக்களுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு பற்றிய எதிர்ப்பினால் 2001-இல் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்கள் நோயையும் இழப்புகளையும் சொல்லி ஈடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினர். 2015-இல், சென்னையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் பெண் அதனைப் பாட்டாக்கி வெளியிட்டார். அப்பாட்டு உலகெங்கும் இலட்சக்கணக்கானோரை எட்டியது. மறு ஆண்டு 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று நாம் சொல்லவில்லை. நெடுநாள் போராடிய தொழிலாளர்களின் உறுதியே அடித்தளம். கேளாத செவிகளைக் கேட்க வைத்ததில் பாட்டுக்குப் பங்குண்டு. அவருடைய பாணியும் கருத்துகளும் நம் பெரியோர்க்கு ஒவ்வாமல் இருக்கலாம். எனினும் பிறர் துயரைத் தன் துயராகக் கொண்டு பாடிய அக்குரலைப் போன்ற குரல்கள் நம் வீடுகளில் எத்தனை அடங்கிக் கிடக்கின்றனவோ!

மூன்று மறுப்புகள்

“பசித்தவன் இருக்கக் கலை ஒரு கேடா?” என்பது முதல் மறுப்பு. பசித்தவனுக்கு உணவிடுவது கடமை. ஜகாத் அதற்கென்றே விதிக்கப்பட்டது. ஜகாத் பணத்தை மன்றத்துக்குத் தாருங்கள் என்று நாம் ஒருபோதும் கூறோம். நாம் சுட்டுவது வேறு பணத்தை. மூன்றாம் நாள், பத்தாம் நாள், நாற்பதாம் நாள், ஆண்டு நிறைவு என்று அண்டா அண்டாவாக நெய்ச்சோறு ஆக்கி, வயிறு நிறைந்தவர்களையே மீண்டும் மீண்டும் அழைத்து உண்பிக்கும் பணத்தைச் சுட்டுகிறோம். அவ்விருந்தில் முன்வரிசையில் அமர்பவர் யார், வாசலில் நிற்பவர் யார் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் அறியும். விருந்தைச் சுருக்கி ஏழைக்கு வயிறார அளியுங்கள். எஞ்சியதை மன்றத்துக்கு வையுங்கள்.

“இது பெயருக்கும் புகழுக்கும் செய்வது, முகஸ்துதி” என்பது இரண்டாவது. விசிறியின் இறக்கையில் பெயர் எழுதும்போது எழாத இந்த ஐயம், கலை மன்றம் என்றதும் மட்டும் எழுவது வியப்பே. எனினும் எச்சரிக்கை நல்லதுதான். மன்றத்தில் மறைந்தவரின் பெயர் ஒரே ஓர் இடத்தில், சிறிய எழுத்தில் இருக்கட்டும். படம் வேண்டா, சிலை வேண்டவே வேண்டா, திறப்பு விழாக் கல்வெட்டில் பிரமுகர்களின் பெயர்ப்பட்டியலும் வேண்டா. அன்னையார் பாடிய ஒரு பாடலை ஒரு சிறுமி கற்றுப் பாடினால் அவ்வன்னையின் பெயர் அங்கே ஒலித்ததாகவே பொருள்.

“யார் பார்த்துக்கொள்வது? பத்தாண்டில் பாழடையும்” என்பது மூன்றாவது. இதுவே எல்லாவற்றிலும் வலிமையான மறுப்பு. இதற்கு விடை நம் செயலில்தான் இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் நம் முன்னோர் எழுதிவைத்த நிலங்கள் எத்தனை யார் யார் கையிலோ சிக்கி மறைந்தன என்று கேட்டுப் பாருங்கள். எண்ணம் தூயதாக இருந்தும் ஏற்பாடு தளர்ந்திருந்ததே காரணம். ஆகவே ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது நம் கடமையாகிறது.

செய்யும் முறை

முதலில், பங்கு. மறைந்தவரின் சொத்தில் வாரிசுகளுக்குரிய பங்கைத் திருமறை வகுத்துள்ளது. மரண சாசனத்தால் ஒதுக்கக்கூடியது மூன்றில் ஒரு பகுதிக்கு மேற்படலாகாது. அண்ணன் தம்பியர் கூடி, “உம்மா பெயரில் மன்றம் கட்டப் போகிறோம்” என்று சொல்லிச் சகோதரியின் பங்கைக் கேளாமலே எடுத்துக்கொள்வார்களாயின், அந்த மன்றத்தின் முதற்செங்கல்லே களவுச் செங்கல். சீர்வரிசை கொடுத்தாயிற்று, திருமணச் செலவு செய்தாயிற்று என்ற சாக்குகள் இறைவனிடம் செல்லா. மகள்களுக்குரியதை முழுமையாகக் கொடுங்கள். கொடுத்த பின் அவர்களும் மனமுவந்து தந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். தாயை நினைவுகூரும் உரிமை மகனைவிட மகளுக்குக் குறைந்ததன்று. மன்றத்தின் ஆட்சிக் குழுவில் அவளுக்கு இடம் இருந்தே தீர வேண்டும்.

அடுத்து, சட்ட வடிவம். வக்பு ஆக்கினால் அது மீளாக் கொடை. விற்கவோ பிரிக்கவோ வழியில்லை. வக்புச் சட்டம் 2025-இல் திருத்தப்பட்டுள்ளதால் சட்டம் அறிந்தவரைக் கலந்தே செயற்பட வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது மற்றொரு வழி. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேர் கூடிச் சங்கமாகப் பதிவு செய்வது மூன்றாவது வழி. எந்த வழியாயினும் ஆண்டுக் கணக்கை வாசலில் ஒட்டிவைக்கும் துணிவு வேண்டும்.

மூன்றாவது, கட்டடம். மலைப்பகுதியில் கட்டடம் எழுப்ப அரசின் பாதுகாப்பு விதிகள் உண்டு. உயரத்துக்கு வரம்பும் உண்டு. அவற்றை ஏய்த்து அடுக்கு மேல் அடுக்கு எழுப்பி, மலைச்சரிவையும் ஓடையையும் கெடுத்துவிட்டு, அங்கே கலை வளர்ப்பதாகச் சொல்வது நகைப்புக்கு இடம். மன்றத்துக்கு ஒரு கூடம், ஒரு நூலக அறை, மழைக்கும் குளிருக்கும் தாங்கும் சாய்கூரை போதும். வாடகை வீடாயினும் குறையில்லை. கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் சுவருக்குச் செலவிடலாகாது என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய பாதி வருவாய் தரும் முதலாக நிற்க வேண்டும். அதிலிருந்து ஆசானுக்கு மாதந்தோறும் தவறாமல் ஊதியம் செல்ல வேண்டும். பொன்னாடை போர்த்திவிட்டு வெறுங்கையோடு வழியனுப்பும் வழக்கம் நம் மன்றத்தில் நுழையவே கூடாது.

நான்காவது, கதவு. அட்டுவம்பட்டியில் எழும் மன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருப்பின் அது பாதி மன்றமே. உழவர் வீட்டுப் பிள்ளையும், பளியர் வீட்டுப் பிள்ளையும், தேவாலயம் செல்லும் பிள்ளையும், நம் பிள்ளையோடு ஒரே பாயில் அமர வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர் நாகூரில் ஓங்கிய மினாராவை எழுப்பித் தந்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், பிறர்க்கு எழுப்பித் தந்தது என்ன என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டாமா? பிற சமயத்தார் நம்மைக் குறித்து அறிவனவெல்லாம் செய்தித்தாளின் பரபரப்பு வழியாகவே வருகின்ற இக்காலத்தில், ஒரு மாலைப்பொழுதில் நம் முதியவர் ஒருவர் சீறாவை ஓதக் கேட்கும் அண்டை வீட்டார் நம்மை வேறு விதமாக அறிவர்.

ஐந்தாவது, பணி. என்ன கற்பிப்பது என்பதை அந்த மறைந்தவரின் வாழ்விலிருந்தே தொடங்குங்கள். பாய் முடைந்தவர் பெயரால் பாய் முடையும் பயிற்சி. பாடியவர் பெயரால் பாடல். கதை சொன்னவர் பெயரால் கதை. அந்தக் குடும்பத்து முதியோரின் குரலை முதலில் பதிவு செய்து வையுங்கள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் பதிவுக் கருவி இருக்கிறது. கைப்பேசியில் திருமண வீடியோவுக்கு இருக்கும் இடம், தொண்ணூறு வயது மூதாட்டியின் தாலாட்டுக்கும் இருக்கட்டும். ஒன்றை மட்டும் உறுதியாக விலக்குங்கள்: வருவாய்க்காக மன்றத்தைத் திருமண மண்டபமாக்குவதை. மண்டபம் ஆன நாளே மன்றம் மாண்ட நாள்.

குறிஞ்சி மலர்வதற்குள்

பழனி மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. அடுத்த பூப்பைக் காண நம் குடும்பங்கள் பல வண்டிகளில் மலையேறும். ஏரியைச் சுற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, இறங்கி வரும். அதற்குள் ஒரே ஒரு குடும்பமாவது துணிந்து, தம் அத்தாவின் பெயராலோ அம்மாவின் பெயராலோ அட்டுவம்பட்டியில் ஒரு சிறு கூடத்தைத் திறந்து, ஓர் ஆசானை அமர்த்தி, பத்துப் பிள்ளைகளைச் சேர்த்திருக்குமாயின் நாம் மகிழ்வோம். ஊருக்கு ஒன்று வேண்டும் என்று நாம் பேராசைப்படவில்லை, முதலில் ஒன்று.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்தில் அண்மையில் மறைந்தவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் இருந்த திறன் எது, நாவில் இருந்த பாடல் எது என்று குடும்பத்தோடு அமர்ந்து இன்றிரவே பேசுங்கள். மகளையும் மருமகளையும் அப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பதாம் நாளுக்கு எத்தனை படி அரிசி என்று கணக்கிடும் முன், அந்தத் திறனை அடுத்தவர்க்கு எப்படிக் கையளிப்பது என்று கணக்கிடுங்கள். தாயின் பெயரால் தோட்டத்தையே தந்த சஅது (ரலி) அவர்களின் வழியில் நடக்க வல்ல இறைவன் நமக்கு மனத்தையும் பொருளையும் உறுதியையும் அருள்வானாக! ஆமீன்.